பாட்டு முடியும், தும்பா முடியாது

வாஷிங்டன் டி.சி.

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே சுகம். அம்மா, நீ, வீட்டில் எல்லோரும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது.

நான் அனுப்பிய கச்சேரி வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ரெண்டு மணி நேரமா தும்பாக்காரர் கையை எடுக்கவே இல்லை, நம்ம ஆளுங்க அஞ்சாவது பாட்டுக்கே டீ கேட்பாங்களே" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயில் கொடை சீசன் தொடங்குவதற்குள் உன் கச்சேரி செட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

தும்பா என்கிற கை மேளம் நிற்காமல் போகும் அந்த வாசிப்புக்குக் கோ-கோ என்று பெயர். வாஷிங்டன் என்றால் நம் ஊர் டிவியில் வெள்ளை மாளிகை மட்டும்தான் வரும். இது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கறுப்பின மக்கள் பல தலைமுறையாக வாழும் தெருக்களில் பிறந்த இசை. இந்த ஊரையும் ஒட்டியுள்ள மேரிலாந்து பகுதியையும் தாண்டினால் இதற்கு ஆள் குறைவு. நாற்பது மைலில் இருக்கும் பால்டிமோரிலேயே வேறு தாளம், வேறு ஆட்டம். வர்ஜீனியா பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது வேறு கதை.

தொடங்கி வைத்தவர் சக் பிரவுன். 1936இல் வட கரோலினாவில் பிறந்தவர். லார்ட்டன் சிறையில் இருந்தபோது சிகரெட்டைக் கொடுத்து ஒரு கிதாரை வாங்கி வாசிக்கத் தொடங்கினார். வெளியே வந்தபின் லாஸ் லத்தினோஸ் என்ற குழுவில் சேர்ந்தார். தும்பா, குச்சியால் அடிக்கும் டிம்பாலே போன்ற லத்தீன் தாளக் கருவிகளோடு பழக்கம் ஏற்பட்டது அங்கேதான். 1970களின் நடுவில் டிஸ்கோ அலை வந்தது. டிஜே ஒருவர் ரெக்கார்டை மாற்றி மாற்றி இடைவெளியே இல்லாமல் போட்டால், பேண்டுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கிளப் முதலாளிகள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பேண்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், ஆடிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிக்குப் போய்விடுவார்கள். சக் பிரவுன் செய்ததெல்லாம் ஒன்றுதான்: பாட்டு முடிந்தாலும் டிரம்ஸும் தும்பாவும் நிற்கக் கூடாது என்றார். அந்த இடைவெளியில் கூட்டத்தோடு பேசினார். போய்க்கொண்டே இருப்பதால் கோ-கோ.

அவருடைய 'பஸ்டின் லூஸ்' பாட்டு 1979 தொடக்கத்தில் ஆர் அண்ட் பி என்ற கறுப்பின இசை வகையின் அமெரிக்கப் பட்டியலில் நாலு வாரம் முதலிடத்தில் இருந்தது. இன்றைக்கும் இந்த ஊர் பேஸ்பால் அணி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தால் மைதானத்தில் அதைத்தான் போடுவார்கள். சக் பிரவுன் 2012இல் காலமானார். அவர் பெயரில் ஒரு பூங்காவும் ஒரு தெருவும் இருக்கின்றன.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் கணக்கு. நாலு எண்ணிக்கைத் தாளம். டிரம்ஸில் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் இரண்டிலும் நாலிலும் விழும், அதில் புதுமை இல்லை. காலால் மிதிக்கும் கிக் டிரம் ஒன்றில் அழுத்தமாக விழுந்துவிட்டு, அடுத்த அடிகளை எண்ணிக்கையின் மேல் வைக்காமல் சந்துகளில் வைக்கும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் தகதிமி என்று நாலாகப் பிரித்துச் சொல்லிப் பார். அதில் இரண்டாவது, நாலாவது எழுத்துகளை மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போடு. சதுஸ்ரமாகவும் (நாலு) இல்லாமல் திஸ்ரமாகவும் (மூன்று) இல்லாமல் நடுவில் ஓர் ஆட்டம் வரும் பார், அதுதான் இவர்களுடைய நடை. வேகம் நிமிடத்துக்கு நூறு தட்டை ஒட்டி இருக்கும். நம் குத்துப் பாட்டு வேகத்துக்கு இதைத் தூக்கினால் செத்துப்போகும். வேகம் ஏற ஏற அந்தத் தாமதத்துக்கு இடம் இருக்காது, நடை நேராகிவிடும். புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் முதலில் கெடுப்பது இதைத்தான்.

இந்த நடை சரியாக உட்கார்ந்துவிட்டால் அதைப் பாக்கெட் என்பார்கள். பாக்கெட்டில் உட்கார்ந்த பிறகு யாரும் வித்தை காட்டக் கூடாது. டிரம்மர் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டை மூடியே வைத்துக்கொண்டு, முழங்கையைத் தூக்காமல், மணிக்கட்டால் வாசிப்பார். பெரிய ரோல், சிம்பல் அடி எல்லாம் அபூர்வம். ரெண்டு மணி நேரம் தாங்குவது இதனால்தான். வலுவைச் செலவழிப்பதே இல்லை. நம் ஆட்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவு முத்தாய்ப்பு என்று மூச்சைப் போட்டு அடிக்கிறோம், டீயும் கேட்கிறோம்.

மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். டிரம்ஸ், தும்பா, இன்னொரு தாளக்காரர், பேஸ் கிதார், லீட் கிதார், கீபோர்டு பெரும்பாலும் இரண்டு, வசதியுள்ள குழுவில் சாக்ஸபோன், டிராம்போன், டிரம்பெட், அப்புறம் பாடுகிறவர், ராப் சொல்கிறவர், எல்லோருக்கும் முன்னால் மைக் பிடித்துப் பேசுகிறவர்.

தும்பா செட்டைக் கவனி. நம் ஊரில் இரண்டு வைத்து வாசிப்போம். இங்கே நாலு, ஐந்து. இடுப்புயரப் பெரியது இரண்டு. அவற்றுக்கு முன்னால் ஸ்டாண்டில் மாட்டிய சின்னத் தும்பாக்கள், ஜூனியர் கொங்கா என்று கடையில் கேட்டால் தருவார்கள். பெரியவை நடையைப் பிடிக்கும். சின்னவை கணீரென்று மேலே பேசும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு ட்யூன் போகிற மாதிரியே இருக்கும், அதனால் நாலுக்கும் சுருதி இடைவெளி தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு தும்பா ஒரே சுருதிக்குப் பக்கத்தில் நின்றால் சத்தம்தான் வரும், பேச்சு வராது. தோல் போட்டதை வெளி மேடைக்குக் கொண்டுவந்தால் இந்த ஊர் ஜூலை மாத ஈரக் காற்றில் சுருதி இறங்கிவிடும்; அதனால் பலர் செயற்கைத் தோல்தான் போடுகிறார்கள். விரலில் டேப் சுற்றிக்கொள்பவர்களும் உண்டு.

இன்னொரு தாளக்காரரிடம் டிம்பாலே, ரோட்டோ டாம் என்ற சின்ன டிரம்கள், மாட்டு மணி மாதிரி குச்சியால் தட்டும் கௌபெல் இருக்கும். கௌபெல்லைச் சாதாரணமாக நினைக்காதே. மற்ற எல்லாம் சந்தில் ஆடும்போது, கணக்கு எங்கே இருக்கிறது என்று மேடைக்கும் கூட்டத்துக்கும் சொல்வது அதுதான். கூட்டம் சூடேறியதும் டிரம்மர் தன்னையறியாமல் ஓடத் தொடங்குவார். அப்போது கௌபெல்காரர் ஓடாமல் நின்றால் டிரம்மர் திரும்பி வந்துவிடுவார். இருவரும் சேர்ந்து ஓடினால் அன்றைய கச்சேரி முடிந்தது. இன்னொரு எழுதாத சட்டமும் உண்டு: மூன்று தாளக்காரர்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். தும்பா ஒரு வரிசை சொன்னால் டிம்பாலே சும்மா நடையில் நிற்கும். மூவரும் ஒரே நேரத்தில் நகாசு போட்டால் பாக்கெட் கிழிந்துவிடும் என்பார்கள்.

ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போவதை நாலைந்து முறை ரீவைண்ட் செய்து பார். பாட்டின் கடைசி வரி வந்ததும் லீடர் முதுகுப் பக்கமாகக் கையைக் காட்டுவார். பேஸ், கீபோர்டு, கிதார், ஊதுகுழல் எல்லாம் ஒரே அடியில் நின்றுவிடும். தாளம் மட்டும் போகும். இதுதான் இவர்களுடைய தந்திரத்தின் உயிர்நாடி. தாளம் மட்டும் ஓடும்போது காதில் ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி, கிடையாது. அதனால் முந்தைய பாட்டு எந்த ஸ்கேலில் இருந்தாலும் அடுத்ததை எந்த ஸ்கேலிலும் எடுக்கலாம். நீங்கள் பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாற்ற ஒரு நிமிடம் தடவுகிறீர்களே, அந்தத் தொல்லையே இல்லை. மாறாமல் இருக்க வேண்டியது வேகம் ஒன்றுதான். தாளம் மட்டும் போகும் பகுதி ரெண்டு நிமிடமும் இருக்கலாம், பத்து நிமிடமும் இருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து லீடர் முடிவு செய்வார். பிறகு கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டின் முதல் துணுக்கை எடுத்து விடுவார். கூட்டம் அதைக் கண்டுபிடித்துக் கத்திய பிறகுதான் பேஸ் உள்ளே வரும்.

இப்படி எந்தப் பாட்டையும் இழுத்துப் போட்டுவிடலாம். பழைய ஜாஸ் பாட்டு, கார்ட்டூன் மரங்கொத்தியின் பாட்டு என்று சக் பிரவுன் எல்லாவற்றையும் இந்த நடைக்குள் கொண்டுவந்தார். பேக்யார்டு பேண்ட் 2015இல் அடெல் பாடிய சோகப் பாட்டு 'ஹலோ'வை எடுத்துக் கோ-கோவாக்கியது. கேட்டுப் பார், சோகமும் போகவில்லை, காலும் நிற்கவில்லை. அந்தக் குழுவின் முன்னணி ஆள் ஆன்வான் குளோவர், 'தி வயர்' டிவி தொடரில் ஸ்லிம் சார்லஸாக நடித்தவர்.

மைக் பிடித்துப் பேசுகிறவரை லீட் டாக்கர் என்பார்கள். அவர் பாடகர் இல்லை. தாளத்துக்குள் பேச வேண்டும், அதுதான் வேலை. கொடை மேடையில் "இன்னார் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூற்றி ஒன்று" என்று உங்கள் அறிவிப்பாளர் பாட்டை நிறுத்தி வாசிப்பாரே, அதையே தும்பா நிற்காமல், தாளத்தோடு, கூட்டம் பதில் சொல்கிற மாதிரி சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி. பிறந்தநாள்காரர் பெயர், வந்திருக்கும் தெருக்களின் பெயர், பேட்டைகளின் பெயர். முன்வரிசையில் நிற்பவர்கள் பெயரைப் போனில் பெரிதாகத் தட்டித் தூக்கிக் காட்டுவார்கள், முன்பெல்லாம் துண்டுச்சீட்டு. தன் பேட்டை பெயரை மைக்கில் கேட்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

வம்பும் அதிலேதான். ஒரு பேட்டையைச் சொல்லி எதிர்ப் பேட்டையை விட்டுவிட்டாலோ, சூடான நேரத்தில் இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னாலோ, கீழே முட்டிக்கொள்ளும். 1980களின் பின்பாதியில் கிராக் என்ற கொக்கெய்ன் போதையும் துப்பாக்கியும் இந்த ஊரைப் பிடித்து ஆட்டியபோது, பழியில் பெரிய பங்கு இசையின் தலையில் விழுந்தது. பின்னாளில் போலீஸ், எங்கே எந்தக் குழு வாசிக்கிறது என்று பட்டியல் வைத்துக் கண்காணித்தது. கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. கூட்டம் மேரிலாந்து பக்கம் நகர்ந்தது. தேர்ந்த டாக்கருக்குக் கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். சலசலப்பு தெரிந்தால் பேட்டைப் பெயர்களை நிறுத்திவிட்டுப் பெண்களைப் பாட வைப்பார், எந்தெந்த ராசிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார். என்னைக் கேட்டால், மேடையிலேயே கஷ்டமான வேலை இதுதான். நீளமாகப் பேசினாலும் கெட்டது. கால்கள் நிற்பது தெரிந்த அந்தக் கணமே கீபோர்டைக் கூப்பிட வேண்டும்.

கூட்டமும் சும்மா நிற்காது. கேட்ட கேள்விக்குப் பதிலைத் தாளத்தில் கத்த வேண்டும். இதனால்தான் ஸ்டுடியோவில் பதிவு செய்த கோ-கோ உப்பில்லாமல் இருக்கிறது. 1980களின் நடுவில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் இதை உலகத்துக்கு விற்கப் பார்த்தது. படம்கூட எடுத்தார்கள், எடுபடவில்லை. மூன்றரை நிமிடத்தில் வெட்டிக் கொடுத்தால் இதில் மிஞ்சுவது என்ன? இ.யூ. குழுவின் 'டா பட்' மட்டும் 1988இல் நாடு முழுவதும் ஓடியது. ஊருக்குள் விற்றது வேறு சரக்கு: கச்சேரி நடக்கும்போதே ஒலி மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த கேசட். பி.ஏ. (ஒலிபெருக்கி) டேப் என்று பெயர். எந்தக் குழு, எந்த இடம், எந்தத் தேதி என்று பேனாவால் எழுதியிருக்கும். அதில் தன் பெயர் வந்திருந்தால் அந்த டேப்பை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார்கள்.

மிக்ஸர்காரருக்கு இது நரகம். பன்னிரண்டு பேருக்கு மேடையில் திறந்த மைக் இருபதுக்கு மேல். தும்பா மைக்குக்குள் கௌபெல் விழும், கௌபெல் மைக்குக்குள் ஸ்நேர் விழும். டாக்கர் கூட்டத்துக்குள் கையை நீட்டி மைக்கைக் கொடுப்பார். அது ஸ்பீக்கருக்கு முன்னால் போனதும் கூவும். அதனால் அந்த ஒரு மைக்கின் மேலேயே ஒரு விரல் வைத்திருப்பார்கள். தாழ்ந்த கூரை இடங்களில் கௌபெல் காதைத் துளைக்கும், அதற்குத் துணி சுற்றிவிடுவதும் உண்டு.

அடுத்த வருடம் விசா கிடைத்து நீ வந்தால் போகும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகை இடம் உண்டு. ஹவர்டு தியேட்டர், 9:30 கிளப் மாதிரி பெரிய அரங்கில் டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்கலாம், நேரத்துக்குத் தொடங்கிவிடும். இரண்டும் ஷா, யூ ஸ்ட்ரீட் என்ற பேட்டைகளின் பக்கம். மெட்ரோவில் பச்சை வழித்தடம். சின்ன கிளப்பில் ஒன்பது மணி என்று போட்டிருந்தால் பேண்ட் ஏறப் பதினொன்றாகும். வயது பார்ப்பார்கள், பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வாசலில் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள், கோபப்படாதே, எல்லோருக்கும் உண்டு. அரைக்கால் சட்டை, தொப்பி சில இடங்களில் கூடாது. வார இறுதியில் மதுக்கடை மூடுவது மூன்று மணிக்கு. கடைசி ரயில் அதற்கு முன்னாலேயே போய்விடும். திரும்ப வாடகை காருக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நிகழ்ச்சி விட்ட உடனே கூப்பிட்டால் கட்டணம் இரட்டிப்பாக இருக்கும், கால் மணி நேரம் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. ஸ்பீக்கருக்குப் பத்தடிக்குள் நின்றால் மறுநாள் காது ரீங்காரம் போடும்; மருந்துக் கடையில் காதுக்கு நுரை அடைப்பான் மலிவாகக் கிடைக்கும். நிற்க நல்ல இடம் மிக்ஸருக்கு முன்னால், நடுவில். காசே இல்லாமல் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட்டில் சக் பிரவுன் நாள், பூங்காவில், பகலில், குடும்பத்தோடு வருவார்கள்.

சாப்பாட்டுக்குக் கோழி இறக்கை வறுவலும் மம்போ சாஸும். தித்திப்பு, புளிப்பு, கொஞ்சம் காரம், செக்கச் செவேலென்று ஊற்றித் தருவார்கள். பொட்டலம் பிரிப்பதற்குள் கூட வரும் உருளைக்கிழங்கு வறுவல் ஊறிவிடும், அதனால் சாஸைத் தனியாகக் கேட்டு வாங்கு. யூ ஸ்ட்ரீட்டில் 1958 முதல் இருக்கும் பென்ஸ் சில்லி பௌல் இரவு நேரத்துக்கு நல்ல இடம். கடையைத் தொடங்கிய பென் அலி ட்ரினிடாடில் வளர்ந்தவர், முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அங்கே பிரபலமானது மாட்டிறைச்சியும் பன்றியும் கலந்த சாசேஜ், அம்மாவிடம் சொல்லாதே.

இந்த ஊரில் 1970இல் பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர். 2011 வாக்கில் அது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வாடகை ஏறிப் பழைய ஆட்கள் வெளியேறினார்கள். ஷாவில் ஒரு செல்போன் கடை 1995 முதல் வாசலில் ஸ்பீக்கர் வைத்துக் கோ-கோ போட்டுவந்தது. 2019 ஏப்ரலில், பக்கத்துப் புதுக் குடியிருப்பிலிருந்து புகார் போய், நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. எண்பதாயிரத்துக்கு மேல் கையெழுத்து. நாற்சந்தியில் லாரி மேல் பேண்ட் ஏறி வாசித்தது. சில நாளிலேயே ஸ்பீக்கர் திரும்பப் பாடியது. 2020 பிப்ரவரியில் மேயர் மியூரியல் பௌசர் கோ-கோவை நகரத்தின் அதிகாரபூர்வ இசையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டம் நல்லதுதான். வாசிக்க இடம் வாடகைக்குக் கிடைப்பதுதான் குழுக்களுக்கு இன்னும் பாடாக இருக்கிறது.

உன் செட்டில் முயன்று பார்க்க வேண்டுமானால் ஒரே நாளில் முழுக் கச்சேரியையும் மாற்றாதே. இருபது நிமிடம் எடுத்துக்கொள். நூறு தட்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய நாலு பாட்டைத் தேர்ந்தெடு. மெலடியானாலும் பரவாயில்லை, குத்து வேண்டாம். ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவியை அன்றைக்கு மூட்டை கட்டி வை. அதில் திரும்பத் திரும்ப வரும் லூப் நேராக ஓடும், நடை ஆடாது. தும்பா இல்லாவிட்டால் பக்கத்துச் செட்டில் இன்னும் இரண்டு கேட்டு வாங்கு. அதற்கும் வழியில்லையென்றால், ஜங்க்யார்டு பேண்டை நினைத்துக்கொள்: 1980இல் பேரி ஃபார்ம் குடியிருப்புச் சிறுவர்கள் வாளியையும் தகர டப்பாவையும் வைத்துத் தொடங்கிய குழு அது, இன்றும் வாசிக்கிறது. மெட்ரோ வாசல்களில் இப்போதும் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இதே நடையை அடிக்கிற பையன்களைப் பார்க்கலாம்.

முதலில் பத்து நிமிடம் வெறும் டிரம்ஸ், தும்பா, கௌபெல் மட்டும் வாசியுங்கள். தட்டு எண்ணிக் காட்டும் மெட்ரோனோமைப் போனில் போட்டுக் கௌபெல்காரர் காதில் மட்டும் கொடு. அது பிடிபட்ட பிறகு கீபோர்டைச் சேர். கடைசியில் அறிவிப்பாளர். அவரிடம் அன்பளிப்புப் பட்டியலைக் கொடுத்து, தாளத்தில் நாலு எண்ணிக்கைக்கு ஒரு பெயர் என்று சொல்லச் சொல். பெயர் நீளமாக இருந்தால் இனிஷியலை விட்டுவிடலாம். 'அவர்கள்' போடாவிட்டால் நாட்டாமை கோபித்துக்கொள்வார் என்றால் அதற்கு ஓர் எண்ணிக்கை கூடக் கொடு.

கேட்பதற்கு இந்த வரிசையில் போ: சக் பிரவுன், பிறகு டிரபிள் ஃபங்க், பிறகு ரேர் எசன்ஸ். ஸ்டுடியோப் பதிவை விட்டுவிடு, மேடைப் பதிவாகத் தேடு. பெண்களே நடத்தும் பெலா டோனா குழுவையும் பார். 2000களில் டி.சி.பி. குழு பரப்பிய பவுன்ஸ் பீட் என்ற புது நடையைக் கடைசியாக வைத்துக்கொள். அதில் ரோட்டோ டாம் முன்னுக்கு வந்து தும்பா பின்னால் போய்விடும், உன் தும்பாக்காரருக்கு முதலிலேயே அதைக் காட்டினால் மனசு விட்டுப்போகும்.

வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பு. போனில் எடுக்காதே, பேஸ் விழாது. மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்து எடு.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்